மயக்கமும் நடிப்பும்: ஆங்கில வகுப்பில் நாடகத்தின் கதி

நம் பல்கலைக்கழகங்களில் நாடகம் பற்றி அதிகம் பேசப்படும் இடம் ஆங்கிலத் துறைதான். பி.ஏ. முடிக்கும் மாணவன் மார்லோவிலிருந்து ஷா வரை ஐந்தாறு நாடகங்களையாவது படித்ததாகச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறான். அவற்றில் ஒன்றையேனும் மேடையில் பார்த்திருப்பவர்கள் சொற்பம். ஒரே ஒரு வசனத்தையாவது நின்றுகொண்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, உரக்கச் சொன்னவர்கள் அதைவிடச் சொற்பம். ஸ்வரக் குறிப்பை மட்டும் படித்து, பாட்டையே கேட்காமல், சங்கீதத்தில் பட்டம் பெற்றவனை நாம் கேலி செய்வோம். நாடகம் படித்தவன் விஷயத்தில் மட்டும் இது யாருக்கும் உறுத்துவதில்லை.

நம் சிறுபத்திரிகைகளிலும் இதைப் பற்றிப் பேச்சில்லை. பேசாததற்குக் காரணம் உண்டு. நம்மில் பலர் அந்த வகுப்புகளிலிருந்து வந்தவர்கள். அங்கே பழகிய வாசிப்பு முறையைத்தான் கொஞ்சம் மெருகேற்றி, கொஞ்சம் கலைச்சொற்கள் சேர்த்து, விமர்சனம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். நாடகத்தைப் பொறுத்தவரை அந்த முறை அடிப்படையிலேயே ஊனமானது என்பது என் கட்சி. அந்த ஊனம் எங்கிருந்து வந்தது, அதற்கு மாற்றாக வேறு இடங்களில் மாணவர்களுக்கு என்ன கிடைத்தது என்பவற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக உருக்கொண்டது இங்கிலாந்தில் அல்ல, இந்தியாவில்தான் என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளிவந்த தம் நூலில் விரிவாகவே நிறுவியிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கெனத் தனிப் படிப்பு வந்தது 1894-ல். கேம்பிரிட்ஜில் அது தனித் தேர்வாக நின்றது 1917-ல். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1835-ன் கல்விக் கொள்கைக்குப் பிறகு, இங்கே நம் பையன்கள் ஷேக்ஸ்பியரை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கப் பள்ளிகளில் பைபிளைப் போதிக்க முடியாத நிலையில், ஒழுக்க போதனையின் சுமையை இலக்கியத்தின் தலையில் ஏற்றினார்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்கள் பற்றி எழுதியவை 1900-ல் நூலாக வந்தபோது, அதற்கு அவர் இட்ட தலைப்பு வாழ்க்கைப் பயணத்துக்கான வரைபடம் என்ற பொருளில் இருந்தது. மில்லர் பெரிய ஆசிரியர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரைபடம் என்று ஆகிவிட்டால் அப்புறம் நாடகம் எதற்கு? எந்தப் பாறையில் மோதக்கூடாது என்று தெரிந்துகொண்டால் போதும். மாக்பெத் பேராசையால் அழிந்தான், ஒதெல்லோ சந்தேகத்தால் அழிந்தான், லியர் முகஸ்துதியால் அழிந்தான். இந்த மூன்று வாக்கியங்களும் பரீட்சைத் தாள்களில் இன்னும் உயிரோடு உலவுகின்றன.

அதே சென்னையில், 1891-ல், மாநிலக் கல்லூரியில் படித்த பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிற்பாடு ஹாம்லெட் ‘அமலாதித்யன்’ ஆனான். வெனிஸ் வணிகன் ‘வாணீபுர வணிகன்’ ஆனான். தழுவல்களின் தரம் பற்றி விவாதிக்கலாம். எனக்கு இங்கே முக்கியம் வேறொன்று. அவரை நாடகத்தின் பக்கம் இழுத்தது கல்லூரி வகுப்பு அல்ல. அவ்வாண்டு சென்னைக்கு வந்த பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழு. வகுப்பு புத்தகத்தைக் கொடுத்தது. புத்தகத்தை எழுப்பி நிறுத்துவது எப்படி என்று காட்டியது வெளியூர்க் குழு. அப்போது விழுந்த பிளவு இன்று வரை மூடவில்லை.

2

இந்தப் பிளவு ஏதோ நம் காலனியப் பின்தங்கலால் மட்டும் வந்தது என்று சமாதானம் செய்துகொள்ள முடியாது. மூலத்திலேயே கோளாறு இருந்தது. அதற்கு ஓர் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். நாம் எல்லோரும் படித்த நாடகம், ஆகவே சௌகரியம்.

மாக்பெத்தின் இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி. அரசன் டங்கன் கொலையுண்டது தெரியவருகிறது. காவலர்களை ஆத்திரத்தில் கொன்றுவிட்டதாக மாக்பெத் விளக்கம் சொல்கிறான். அந்த விளக்கம் அலங்காரமாக நீள்கிறது. அது முடியும் தறுவாயில் லேடி மாக்பெத் தன்னை அங்கிருந்து அழைத்துப்போகச் சொல்கிறாள். அவள் நிஜமாகவே மயங்கினாளா, அல்லது கணவன் உளறிக் கொட்டுவதிலிருந்து கவனத்தைத் திருப்ப நடித்தாளா?

ஏ.சி. பிராட்லி 1904-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் பின்னிணைப்பில் இதற்கென்றே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஹாம்லெட் தன் தந்தை இறந்தபோது எங்கிருந்தான் என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு. பாத்திரங்களை அண்டை வீட்டு மனிதர்களாக வைத்துத் துருவுகிற இந்த முறையை எல்.சி. நைட்ஸ் 1933-ல் ஒரு கட்டுரையில் கிண்டல் செய்தார். லேடி மாக்பெத்துக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்கிற தலைப்பே அந்தக் கிண்டல். நாடகத்தை ஒரு கவிதையாக, படிமங்களின் பின்னலாக வாசிக்கவேண்டும் என்பது நைட்ஸின் வாதம். அதன் பிறகு ஆங்கிலத் துறைகளில் பிராட்லியின் பெயரைச் சொல்வதே கர்நாடகம் ஆயிற்று. (நம் ஊரில் ஆகவில்லை. கைடு புத்தகங்களில் பிராட்லி சிரஞ்சீவி.)

பிராட்லி நாடகத்தை நாவலாக வாசித்தார். நைட்ஸ் கவிதையாக வாசித்தார். நாடகமாக வாசிப்பது என்றால் என்ன? மயங்கினாளா என்ற கேள்வியை ஒரு மாணவியிடம், அவளை நிற்கவைத்துக் கேட்டுப் பாருங்கள். பின்னிணைப்பில் தள்ளிவைக்க அவளுக்கு அவகாசம் கிடையாது. அந்த வசனத்தைச் சொல்லும் கணத்தில் முழங்கால் மடியவேண்டுமா என்று அவள் தீர்மானித்தாக வேண்டும். அவள் விழும்போது மாக்பெத் எங்கே நிற்கிறான்? பிரதியைப் பாருங்கள். அவளைக் கவனிக்கச் சொல்வது மாக்டஃப். பிறகு கொல்லப்பட்ட அரசனின் புதல்வர்கள் இருவரும் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்கள். மறுபடியும் அவளைக் கவனிக்கச் சொல்வது பாங்க்வோ. இவ்வளவு நேரமும் கணவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. படிக்கும்போது இந்த மௌனம் கண்ணில் படுவதே இல்லை; பக்கத்தில் மௌனத்துக்கு இடம் இல்லை. மேடையில் அதே மௌனம் ஒரு மனிதனாக நிற்கிறது. மனைவி விழுகிறாள், அவன் நகரவில்லை. நகரவில்லையா? பயத்தில் உறைந்துவிட்டானா, அவள் நடிக்கிறாள் என்று தெரிந்ததால் நகரவில்லையா, அல்லது அவர்கள் இருவருக்கும் நடுவிலிருந்த ஏதோ ஒன்று அன்றிரவே செத்துவிட்டதா? நாடகத்தின் பிற்பகுதியில் அவள் இறந்த சேதி வரும்போது அவன் எதிர்கொள்ளும் விதத்துக்கு வித்து இங்கேயே விழுந்திருக்கிறது என்பது, எனக்குத் தெரிந்தவரை, நின்று பார்க்கிறவனுக்குத்தான் புலப்படும்.

இது விமர்சனம்தான். பிராட்லியின் குறிப்பைவிடவும் நைட்ஸின் படிமங்களைவிடவும் கறாரான விமர்சனம். ஏனென்றால் இதில் மழுப்ப முடியாது. ‘ஒருவிதத்தில் மயங்கினாள், இன்னொருவிதத்தில் நடித்தாள்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம், விழ முடியாது.

3

மேலே சொன்னது என் கண்டுபிடிப்பு இல்லை. நான் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்களுக்கு மாக்பெத் பாடம். ஆசிரியர் ஒரு பக்கம் வாசிப்பார், அருஞ்சொற்பொருள் சொல்வார், அடுத்த பக்கம். ‘நான்காவது சூனியக்காரி லேடி மாக்பெத் – விவாதி’ என்ற கேள்வி இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் என்பதால் அதற்கு மட்டும் முழுக் குறிப்பு உண்டு. நானும் அதை மனப்பாடம் செய்தேன். இன்றைக்குக்கூட முதல் பத்தி ஞாபகம் இருக்கிறது.

கல்லூரி விழாவுக்கு நாங்கள் ஐந்து பேர் அந்தக் காட்சியைப் போடுவதாகத் தீர்மானித்தோம். மாடியில் ஒரு கூடம் மாலையில் சும்மா கிடந்தது. எங்களில் ஒருவருக்கும் நடிக்கத் தெரியாது. ஆங்கில உச்சரிப்போ பரிதாபம். லேடி மாக்பெத்தாக நின்ற பெண் முதல் நாளே வசனத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “இருங்கடா, நான் இங்க நெஜமாவே மயங்கறேனா, இல்ல நடிக்கிறேனா?” பிராட்லி இதைக் கேட்டிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் சண்டை போட்டோம். மாக்பெத்தாக நின்றவன் அவளைத் தாங்கப் போகலாமா கூடாதா என்று புத்தகத்தைப் புரட்டினோம். மூன்றாண்டுகளில் ஒரு நாடகத்தை நாங்கள் உண்மையில் வாசித்தது அந்த இரண்டு நாட்களில்தான்.

மூன்றாம் நாள் கூடம் பூட்டியிருந்தது. வங்கித் தேர்வுக்கான பயிற்சி வகுப்புக்கு அதை ஒதுக்கியிருந்தார்கள். போய்க் கேட்டபோது, “இது பரீட்சைக்கு வருமா?” என்று துறையில் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பயிற்சி வகுப்பில் நானும் சேர்ந்தேன். அதன் பலனாகத்தான் இன்று எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது, பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறேன். ஆகவே அந்த வகுப்பைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஒரே கூடத்தில் இரண்டும் நடக்க முடியாமல் போனதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

4

கூடம் பூட்டப்படாத இடங்களில் என்ன நடந்தது?

கேம்பிரிட்ஜை எடுத்துக்கொள்ளலாம். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் அங்கே மாணவர்களிடம் கவிஞர் பெயர் நீக்கிய கவிதைகளைக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அந்த விடைகளை வைத்து 1929-ல் வந்த அவருடைய நூல் நம் அனைவருக்கும் பரிச்சயம். அதில் எனக்கு இன்றும் வியப்பளிப்பது, மாணவனின் தவறு அங்கே முதல்தடவையாக ஆராய்ச்சிப் பொருளானது. தவறு திருத்தப்படவேண்டிய அவமானம் என்ற நிலை மாறி, வாசிப்பு எப்படி நிகழ்கிறது என்பதற்குச் சாட்சியமாயிற்று. ஆனால் கவிதைக்குத்தான் இந்தச் சுதந்திரம். எஃப்.ஆர். லீவிஸுக்கு நாடக அரங்கின்மேல் பெரிய மரியாதை கிடையாது. கேம்பிரிட்ஜில் நாடகத்துக்கென்று துறையும் இல்லை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974-ல் அங்கே நாடகப் பேராசிரியர் ஆனார். நாடகத் துறையே இல்லாத பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியர்!

ஆயினும் பாடத்திட்டத்துக்கு வெளியே 1907-லிருந்து மார்லோ சொசைட்டி என்ற மாணவர் நாடக மன்றம் இயங்கிவந்தது. நடிகர்களின் பெயரை நிகழ்ச்சி நிரலில் அச்சிடாதது அதன் பழைய மரபு. கிங்ஸ் கல்லூரியின் ஜார்ஜ் ரைலண்ட்ஸ் அங்கே தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் செய்யுளைப் பேசக் கற்றுக்கொடுத்தார். பகலில் லீவிஸ் வரிகளைப் பிரித்து மேய்வதைக் கேட்பது, மாலையில் அதே மாதிரியான வரிகளை வாயில் போட்டுப் பார்ப்பது என்ற இந்த இரட்டைப் படிப்பிலிருந்து வந்தவர்கள் பீட்டர் ஹாலும் ட்ரெவர் நன்னும். நன் லீவிஸின் சொந்த மாணவர். ஹாலும் லீவிஸுக்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹால் 1960-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியை உருவாக்கினார். 1968-ல் அதன் பொறுப்பு நன் கைக்கு வந்தது. வரிக்கு வரி அர்த்தம் தேடுகிற அந்தக் குழுவின் பாணி ஒரு வகுப்பறையின் பிடிவாதம் மேடைக்குப் போனதன் விளைவு. லீவிஸ் மதிக்காத இடத்தில்தான் அவருடைய விமர்சனத்துக்கு ஆயுள் நீண்டது.

பிரிஸ்டலின் கதை வேறு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களிலேயே முதல் நாடகத் துறை 1947-ல் அங்கே தொடங்கப்பட்டது. கிளின் விக்கம் அதை வளர்த்தார். அரங்கம் என்று அவர்களுக்கு இருந்தது ஸ்குவாஷ் விளையாடும் கூடம் ஒன்றை மாற்றியமைத்த இடம். ஹென்றி வுல்ஃப் என்ற மாணவருக்கு அங்கே ஒரு நாடகம் தயாரிக்க வாய்ப்பு வந்தது. அவர் தன் பழைய பள்ளி நண்பனிடம் ஒரு நாடகம் எழுதித்தரச் சொன்னார். நண்பன் அதுவரை நாடகம் எழுதியதில்லை. ஊர் ஊராகப் போய் நடித்துப் பிழைக்கும் துணை நடிகன். சில நாட்களில் எழுதி அனுப்பினான். 1957 மே மாதம் அந்த ஸ்குவாஷ் கூடத்தில் அரங்கேறிய அந்த நாடகம் ‘தி ரூம்’. எழுதியவர் ஹெரால்ட் பிண்டர்.

பிண்டர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்ல. ஸ்டாப்பர்டும் அல்ல, அவர் பதினேழு வயதில் பள்ளியை விட்டுப் பத்திரிகை வேலைக்குப் போனவர். ஹாம்லெட்டின் இரண்டு சில்லறைப் பாத்திரங்களை மையமாக்கி அவர் எழுதிய நாடகம் 1966-ல் எடின்பரோ விழாவின் விளிம்பு நிகழ்ச்சிகளில் முதலில் அரங்கேறியது. அதைப் போட்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள். இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. பல்கலைக்கழகம் நாடகாசிரியனை உற்பத்தி செய்யும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. சில சமயம் செய்யலாம்: சாரா கேன் பிரிஸ்டலில் நாடகம் படித்தார், பர்மிங்காமில் நாடகம் எழுதுவது பற்றிய மேற்படிப்பும் படித்தார். அது கணக்கில் வராத யோகம். பல்கலைக்கழகத்தால் நிச்சயமாகத் தர முடிந்தது ஒன்றுதான்: வசூலைப் பற்றிக் கவலைப்படாமல், யாரும் கேள்விப்படாத ஒருவனின் பிரதியை எழுப்பி நிறுத்திப் பார்க்க ஓர் இடம். விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லாத இடம். தொழில்முறை அரங்கம் அதைத் தர முடியாது. அது டிக்கெட் விற்றாக வேண்டும்.

இதை ஒரு பொற்காலமாகச் சித்திரிக்க எனக்கு விருப்பமில்லை. கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்கு முழு உரிமையுள்ள பட்டத்தையே தரவில்லை. மாலைகளில் நடிக்க ஓய்வு கிடைத்தவர்களில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஒரு சின்ன வட்டத்தின் பரஸ்பர உதவியாகவும் அது இருந்தது. இன்றோ நிலைமை வேறுவிதமாகக் கெட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 2012 முதல் ஆண்டுக் கட்டணம் 9000 பவுண்டு வரை போகலாம் என்றானது. 2025-ல் 9535 பவுண்டு. 2005-லிருந்து இறுதியாண்டு மாணவர்களிடம் தேசிய அளவில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்துத் திருப்தியை அளக்கிறார்கள். ‘மாணவர் அனுபவம்’, ‘வாய்ப்பு’ என்ற சொற்கள் விளம்பரத் தாள்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. 2022-ல் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியத்தின் தனிப் பட்டப்படிப்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. கல்விக் கடன் மனுவோடு வருகிறவரிடம் எங்கள் கிளையில் நாங்கள் கேட்பதும் அதே கேள்விதான்: படித்து முடித்தால் என்ன கிடைக்கும்? கடன் வாங்கிப் படிப்பவனுக்குத் தவறு செய்ய அவகாசம் இல்லை. ஸ்குவாஷ் கூடத்தின் தர்மமே தவறு செய்ய இடம் தருவதுதான் என்றால், இந்தக் கட்டணமும் அந்தக் கூடமும் ஒன்றையொன்று அழிப்பவை.

5

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, தமிழ் பேசுகிற மாணவர்களின் கதை ஒன்றும் உண்டு. அது நடந்தது தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில்.

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியர் ஈ.எஃப்.சி. லுடொவைக் மாணவர்களைக் கொண்டு ஆங்கில நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றிவந்தார். அங்கே நாடகம் போடுவது பல்கலைக்கழக வாழ்வின் ஓர் அங்கம் என்ற பழக்கம் ஏற்பட்டது. அந்தப் பழக்கம் மொழி மாறியபோதுதான் விஷயம் சூடு பிடித்தது. சரத்சந்திர 1956-ல் ‘மனமே’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். சிங்கள நாடகமரபை எடுத்துக்கொண்டார். அம்மரபுக்குத் தமிழ்க் கூத்தோடு உறவு உண்டு. பேராதனையில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் கூத்துப் பக்கம் திரும்பினார். 1962-ல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. மட்டக்களப்பிலிருந்து வந்த சி. மௌனகுரு அதில் இராவணனாக ஆடினார்.

இதில் நான் கவனிப்பது மாணவனின் ஸ்தானத்தில் நேர்ந்த மாற்றத்தை. கிராமத்தில் வடமோடி ஆட்டத்தைப் பார்த்தும் ஆடியும் வளர்ந்த பையன், அதைப் பல்கலைக்கழக வாசலில் செருப்போடு கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரவேண்டியிருந்தவன், அங்கே முதல்தடவையாகத் தெரிந்தவனாக நின்றான். அவன் காலுக்குத் தெரிந்திருந்த தாளம் அறிவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘மாணவர் அனுபவம்’ என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். பிறகு யாழ்ப்பாணத்தில், 1985-ல், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனிய’ரை க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். போர்க்காலத்தில், மக்கள் நடுவே. அப்போது நாடகம் படிப்பதும் நாடகம் போடுவதும் பிழைத்திருப்பதும் தனித்தனிக் காரியங்களாக இருந்திருக்க முடியாது.

6

நம்மிடம் என்ன இருந்தது? சேலத்திலிருந்து 1968-ல் தொடங்கி இரண்டாண்டுகள் வந்த ‘நடை’யில் ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ வெளியாயிற்று. ‘நடை’யின் பின்னணியில் இருந்தவர் ஆங்கிலம் கற்பித்த சி. மணி. நவீனத் தமிழ் நாடகத்தின் தொடக்கமென்று நாம் சொல்கிற பிரதி ஓர் ஆங்கில ஆசிரியரின் சிறுபத்திரிகையில் அச்சேறியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது அச்சேறியது. ஆங்கில ஆசிரியர்கள் நிறைந்த எந்தக் கல்லூரியிலும் அதை உடனே எடுத்து நிறுத்திப் பார்க்க ஒரு ஸ்குவாஷ் கூடம் இல்லை. முத்துசாமி தமக்கான பாடத்தை ஆங்கிலத் துறையிடம் கற்கவில்லை, புரிசைத் தெருக்கூத்திடம் கற்றார். 1977-ல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும், தேசிய நாடகப் பள்ளியில் படித்துத் திரும்பிய செ. இராமானுஜம் போன்றவர்களும், அதே ஆண்டு தொடங்கிய கூத்துப்பட்டறையும் சேர்ந்து செய்த வேலையைத்தான் நம் நவீன நாடகம் என்கிறோம். பின்னால் தஞ்சையிலும் புதுச்சேரியிலும் பல்கலைக்கழக நாடகத் துறைகள் வந்தன. இவற்றில் எதிலும் ஆங்கிலத் துறைகளுக்குப் பங்கில்லை. ஷேக்ஸ்பியரை நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக வைத்துக் காவல் காத்தவர்கள் இவ்வளவுக்கும் பார்வையாளர்களாகக்கூட வரவில்லை.

அவர்களைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் பத்திரிகைகளில் வரும் நாடக விமர்சனங்களை எடுத்துப் பாருங்கள். ‘இருத்தலின் அபத்தம்’, ‘அதிகாரத்தின் குறியீடு’, ‘படிம அடுக்கு’. நான்காவது சூனியக்காரியின் நெருங்கிய உறவினர்கள். அந்த நடிகன் எங்கே நின்றான், வசனம் முடிந்தபின் எவ்வளவு நேரம் யாரும் பேசவில்லை, அந்த இடைவெளியில் பார்க்கிறவனுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதியவர்கள் எத்தனை பேர்? அச்சில் வரும் நாடகங்களின் நிலைமை இன்னும் மோசம். நாடகத்தைப் பிரசுரிக்கிறோம், நண்பர்கள் கடிதம் எழுதுகிறார்கள், அடுத்த இதழில் விவாதம். யாராவது நாலு பேர் உட்கார்ந்து அதை உரக்கப் படித்திருப்பார்களா? நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன்தான். ஒரு நாடகத்தை ‘உயிரற்ற சொற்கூட்டம்’ என்று எழுதினேன். அதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை. உயிர் இருந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரிந்தது?

ஆங்கிலத் துறைகளைத் திருத்தும் யோசனை எதுவும் என்னிடம் இல்லை. பாடத்திட்டக் குழுக்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு இயங்குவதில்லை. புதிதாக நாடகத் தாள் சேர்த்தால் அதற்கும் கைடு வரும். நான் கேட்பது நம் வட்டத்துக்குள் நடக்கக்கூடிய சிறிய காரியம். இந்தப் பத்திரிகையில் இனி வரும் நாடகம் எதுவானாலும், அதைப் பற்றி எழுதுவதற்கு முன் நான்கைந்து பேர் கூடி, நின்றுகொண்டு, ஒருமுறை வாசிக்கவேண்டும். நடிக்கத் தெரியவேண்டியதில்லை. தப்பாக வாசிக்கலாம். எங்கே சிக்குகிறது, எங்கே யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து விமர்சனத்தை ஆரம்பிக்கவேண்டும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் கூட இருந்தால் நல்லது. அவர்களுக்கு இன்னும் முழங்கால் மடங்கும்.

இடம் இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். எங்கள் வங்கி ஊழியர் சங்கக் கட்டிடத்தின் மாடி ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காலியாகத்தான் இருக்கிறது. செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். நாற்காலிகளைத் திரும்ப அடுக்கிவைத்துவிட்டுப் போகவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சாவி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.